தேயிலைத் தூரின் அடியில்

ஆள் பிடிக்க வந்த கங்காணிகள் ராமநாதபுரத்துப் பக்கமும் புதுக்கோட்டைப் பக்கமும் சொன்னதாக ஒரு பொய் உண்டு. கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று. மலையகம் பற்றி எழுதுகிற யாரும் இந்த வரியைத் தாண்டிப் போவதில்லை. மாசி என்றால் மாலத்தீவுப் பக்கத்திலிருந்து வரும் உலர்ந்த மீன். தேங்காயும் மாசியும் சேர்ந்தால் சம்பல். பஞ்சத்தில் கிடந்த ஒரு கிராமத்துக்கு அது போதுமான சொர்க்கம்தான்.

இந்தப் பொய்யை ஏமாற்றப்பட்டவர்களின் அப்பாவித்தனத்துக்கு உதாரணமாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொரு ஆர்வம். சரி, தேங்காயும் மாசியும் இல்லை. அப்படியானால் அந்தத் தூருக்கு அடியில் உண்மையில் என்னதான் இருந்தது? இருநூறு வருஷமாக எங்கள் ஆட்கள் சுரண்டியும் வெட்டியும் முள்ளுக் குத்தியும் வந்த அந்த மண் எப்படிப்பட்ட மண்? மலையகத்தின் வரலாற்றை ஆளுநர்கள், கம்பெனிகள், ஒப்பந்தங்கள் வழியாகப் படித்திருக்கிறேன். அதன் அடியில் மண்ணின் வரலாறு ஒன்று ஓடுவதாகத்தான் எனக்குப் படுகிறது.

என் அப்பாயி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தது. 1970களில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரி வந்து சேர்ந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் அது பிறந்த ஊரைப் பார்க்கப் போனபோது, நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குப் போகும் சாலையில், ஹக்கலை மலைக்குக் கீழே வண்டியை நிறுத்தினோம். சாலையை அகலப்படுத்த மலையை வெட்டியிருந்தார்கள். வெட்டிய முகம் இரண்டு ஆள் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. மேலே காட்டின் ஓரம். மற்றவர்கள் டீ குடிக்கப் போக, நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உச்சியில் சருகும் மெல்லிய வேர்களும் பின்னிய ஒரு பாய். கையால் பிடித்து இழுத்தால் கம்பளி மாதிரி உரிந்து வரும். அதற்குக் கீழே ஒரு சாண், சில இடங்களில் ஒன்றரைச் சாண், கறுப்பு மண். பிடித்தால் பொலபொலவென்று உதிர்கிறது, மழை வாசனை அடிக்கிறது. பிறகு வெளிறிய மண், கொஞ்சம் மணல் கலந்தது, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கும் கீழேதான் அந்த மலைக்குப் பேர் வாங்கிக்கொடுத்த செம்மஞ்சள் மண் ஆரம்பிக்கிறது. அதைக் கொஞ்சம் எடுத்து எச்சில் தொட்டு விரலுக்கு இடையில் அழுத்தினால் நாடா மாதிரி நீள்கிறது. நல்ல களி. கட்டியை உடைத்துச் சூரிய வெளிச்சத்தில் பிடித்தால் உடைந்த முகத்தில் மெழுகு தடவியது போல ஒரு பளபளப்பு.

அந்தப் பளபளப்புக்கு ஒரு கதை இருக்கிறது. மழைநீர் மேல்மண்ணிலிருந்து மிக நுண்ணிய களித்துகள்களைச் சுமந்துகொண்டு கீழே இறங்குகிறது. இறங்கிய இடத்தில், மண்ணின் துளைகளிலும் பழைய வேர்த் தடங்களிலும் அவற்றைப் பூசிவிட்டுப் போகிறது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு பூச்சு, கண்ணுக்குத் தெரியாத கனத்தில். பல்லாயிரம் வருஷம் இப்படிப் பூசினால் மேலே களி குறைந்து கீழே களி திரண்ட ஓர் அடுக்கு உருவாகிவிடும். மேலே வெளிறிய மண் ஏன் வெளிறியது என்பதற்கும் இதுதான் காரணம். அதன் சொத்தைத்தான் கீழ் அடுக்கு வைத்திருக்கிறது. செம்மையும் மஞ்சளும் இரும்பின் வேலை. ஒரே இரும்பு, ஈரமும் வெப்பமும் எப்படி அமைகின்றனவோ அதற்கேற்ப நிறம் மாறுகிறது.

இலங்கையின் மண் வரைபடங்களில் இதற்குச் ‘செம்மஞ்சள் பொட்சொலிக் மண்’ என்று பெயர். பொட்சொல் ரஷ்யச் சொல். சாம்பலுக்கு அடியிலுள்ளது என்கிற மாதிரிப் பொருள். ரஷ்யாவின் குளிர்காட்டு மண்ணுக்கு வைத்த பெயர், அமெரிக்கா வழியாகச் சுற்றி, வருஷம் முழுக்க மழை பெய்யும் ஒரு வெப்பமண்டல மலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தோஷம். எங்களைப் போலவே மண்ணுக்கும் வெளியூர்ப் பெயர்தான் கிடைத்திருக்கிறது. நவீன அமெரிக்க வகைப்பாட்டில் இதன் பெரும்பகுதி ‘அல்டிசோல்’ என்ற பிரிவில் வரும். கழுவப்பட்டு முடிந்த மண் என்று புரிந்துகொண்டால் போதும்.

களிக்குக் கீழேதான் எனக்கு உண்மையான ஆச்சரியம். இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள், இடையிடையே கறுப்புப் புள்ளிகள். பார்த்தால் பாறை. பாறையின் வரிகள் அப்படியே இருக்கின்றன. கட்டைவிரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி நொறுங்குகிறது. இருந்த இடத்திலேயே மக்கிப்போன பாறை இது. வடிவம் மட்டும் மிச்சம், உள்ளே இருந்த சுண்ணாம்புச் சத்து, பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் எப்போதோ தண்ணீரோடு போய்விட்டன. ஹக்கலைப் பகுதியில் ஆய்வு செய்தவர்கள், மேலே சுமார் 60 சென்டிமீட்டர் மண்ணும் அதன் கீழே சுமார் 10 மீட்டர் கனத்துக்கு இந்த மக்கிய பாறையும் இருப்பதாக அளந்திருக்கிறார்கள். அதற்கும் கீழே உடையாத சார்னோக்கைட். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கும் அதே வகைப் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறையை மூடிய கல் இது என்பதால் அந்தப் பெயர் வந்தது. செத்துப்போன ஒரு வெள்ளைக்காரரின் பெயரில்தான் நீலகிரியும் நுவரெலியாவும் நிற்கின்றன.

அந்த ஆய்வின்படி, பாறை மக்கி மண்ணாகும் முனை கீழ்நோக்கி நகரும் வேகம் ஆயிரம் வருஷத்துக்கு 6 முதல் 14 மில்லிமீட்டர். சராசரியாக ஒரு விரல்கனம்கூட இல்லை. சோழப் படை இலங்கைக்குப் போன காலத்திலிருந்து இன்றுவரை ஒரு சென்டிமீட்டர். 10 மீட்டருக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட்டால் பத்து லட்சம் வருஷத்துப் பக்கம் வருகிறது. இந்த மலைகள் செங்குத்தாக இருக்கின்றன, மழை கொட்டுகிறது, ஆனாலும் காடு இருந்தவரை மண் கிட்டத்தட்ட நகரவே இல்லை.

இவ்வளவு காலம் மழையில் நனைந்த மண்ணில் காரச் சத்துகள் எதுவும் தங்காது. அவற்றின் இடத்தை ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். மண் புளித்துப்போகும். பிஎச் அளவு 5க்குப் பக்கத்தில், பல இடங்களில் அதற்கும் கீழே. களி நிறைய இருக்கிறதே, சத்தைப் பிடித்து வைக்காதா என்று கேட்கலாம். நம்மூர்க் கரிசலின் களி வைக்கும். இங்கே உள்ள களி கயோலினைட் வகை, பானை செய்ய நல்லது, பயிருக்குச் சத்தைப் பிடித்து வைப்பதில் கஞ்சன். பிஎச் குறையக் குறைய அலுமினியம் கரைந்து வெளியே வரும், பெரும்பாலான பயிர்களின் வேர்நுனியை அது கருக்கிவிடும்.

அப்படியானால் அந்த உயரமான காடு எதைத் தின்று வளர்ந்தது? மேலே இருக்கும் அந்த ஒரு சாண் கறுப்பு மண்ணையும் தன் சருகையும்தான். இலை விழுகிறது, பூஞ்சையும் புழுவும் மக்கச் செய்கின்றன, வேர்ப்பாய் அதை உடனே உறிஞ்சி மறுபடி இலையாக்குகிறது. சத்து கீழே இறங்குவதற்குள் காடு பிடித்துவிடுகிறது. சொத்து முழுக்க மரத்திலும் மேல்தோலிலும் சுற்றிக்கொண்டிருந்தது, கீழே கல்லாப்பெட்டி காலி.

வெள்ளைக்காரர்களில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்களில் ஒருவர் சாமுவேல் பேக்கர். பிற்பாடு நைல் நதியின் மூலம் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போனாரே, அதே ஆள். 1848ல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்கக் கிளம்பினார். இங்கிலாந்திலிருந்து ஆட்கள், மாடுகள், கலப்பைகள் எல்லாம் வந்தன. 1855ல் வெளியான தன் புத்தகத்தில், இலங்கையின் மண்ணை வளமானது என்று நினைப்பது ஏமாற்றம், அது ஏழை மண் என்று புலம்பியிருக்கிறார். யானை வேட்டைப் பெருமை நிறைந்த புத்தகம் அது, படிக்கச் சலிப்பாகவும் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

யாரும் கேட்கவில்லை. அதற்குள் கோப்பி வெறி பிடித்துவிட்டது. 1840ன் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுச் சொத்து என்றது. சேனை வெட்டிப் பயிர் செய்த கண்டிச் சிங்கள விவசாயிகளிடம் ஏது பத்திரம்? காடு ஏக்கர் கணக்கில் துரைமாருக்கு விற்கப்பட்டது. மரம் வெட்டும் முறை ஒன்றை அக்காலக் குறிப்புகள் ரசித்து எழுதுகின்றன. சரிவின் கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டி விட்டுவிடுவார்கள். கடைசியில் உச்சி வரிசையை முழுதாக வெட்டித் தள்ளினால் அது அடுத்ததன் மேல் விழ, அது அதற்கடுத்ததன் மேல் விழ, மொத்த மலையும் ஒரே முழக்கத்தோடு படுத்துவிடும். இந்த வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர்கள் ஒப்பந்தத்துக்குச் செய்தார்கள். பிறகு தீ. எரிந்து அடங்கிய கரியில் குழி வெட்டி நாற்று நட்டவர்கள் எங்கள் ஆட்கள்.

முதல் சில வருஷம் கோப்பி அபாரமாக வந்தது. காரணம் சாம்பல். நூற்றாண்டுகளாக மரங்கள் சேர்த்துவைத்த பொட்டாசியமும் சுண்ணாம்பும் ஒரே ராத்திரியில் மண்ணில் கொட்டப்பட்டால் புளிப்பு தணியும், அலுமினியம் அடங்கும், பயிர் துள்ளும். அதைத்தான் மண்ணின் வளம் என்று நம்பினார்கள். சாம்பல் மழையில் கரைந்து போனதும் உரத்துக்கு அலைந்தார்கள். மாட்டுச்சாணம், எலும்புத் தூள், தேங்காய்ப் புண்ணாக்கு. தோட்டத் துரைமாரின் ஆங்கிலத்தில் ‘பூனாக்’ என்று ஒரு சொல் வரும், நம் புண்ணாக்குத்தான். ‘மமோட்டி’ நம் மண்வெட்டி. மண்ணோடு சம்பந்தப்பட்ட சொல் வேண்டுமென்றால் அவர்கள் எங்களிடம்தான் வரவேண்டியிருந்தது.

1869ல் மடுல்சீமையில் இலைத்துரு நோய் தென்பட்டது. 1870களின் கடைசியில் கோப்பி இரண்டேமுக்கால் லட்சம் ஏக்கரைத் தொட்டபோதே அது உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தது. மண் களைத்ததால்தான் நோய் வந்தது என்று துரைமாரில் ஒரு கட்சி சொன்னது. 1880ல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் அது பூஞ்சை என்று ஆய்ந்து சொல்லி, ஒரே பயிரை மலைமலையாக நட்டால் பூஞ்சைக்கு என்ன தடை என்று கேட்டார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் கோப்பி செத்த இடத்தில் மறுபடி காடோ வேறு பயிரோ ஏன் லேசாக வரவில்லை என்று கேட்டால், அங்கே மண்தான் பதில். மேலிருந்த கறுப்புச் சாண் பல மலைகளில் போயிருந்தது. புளித்த செம்மஞ்சள் களி வெளியே வந்து வெயில் காய்ந்தது.

அந்தக் களியில், அந்தப் புளிப்பில், அந்த அலுமினியத்தில் சந்தோஷமாக வளரும் செடி ஒன்று உலகத்தில் இருக்கிறது. தேயிலை. பிஎச் 4.5 முதல் 5.5 வரை அதற்குப் பிடித்தமான இடம். சுண்ணாம்பு மண்ணில் நட்டால் வெளுத்து வாடும். மற்ற செடிகளைக் கொல்லும் அலுமினியத்தை இது வேரால் உறிஞ்சி, முற்றிய இலைகளில் கொண்டுபோய்க் கிடத்திவிடுகிறது. ஒரு கிலோ காய்ந்த முற்றிலையில் பல கிராம் அலுமினியம்கூட இருக்கும், கொழுந்தில் மிகக் குறைவு. ஜேம்ஸ் டெய்லர் 1867ல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது இந்த வேதியியல் எதுவும் அவருக்குத் தெரியாது. வந்தது, பிழைத்தது, அவ்வளவுதான். இடையில் சிங்கோனா கொஞ்ச காலம் ஆட்டம் போட்டு அடங்கியது.

எங்கள் சரித்திரம் இந்த இடத்தில் திரும்புகிறது என்று நினைக்கிறேன். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில் மன்னார் வழியாக, மாத்தளைக் காட்டுப்பாதையில் நடந்து போவார்கள். வழியில் வாந்திபேதியில் செத்தவர்கள் போக மிச்சம் பேர் வேலை முடிந்து ஊர் திரும்புவார்கள். பெரும்பாலும் ஆண்கள். தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், பெண்களின் கை வேண்டும், பிள்ளைகளும் வேண்டும். லயங்கள் எழுந்தன. குடும்பங்கள் தங்கின. ஒரு பூஞ்சையும் ஒரு புளித்த மண்ணும் சேர்ந்துதான் எங்களை வந்து போகிறவர்களிலிருந்து அங்கேயே பிறந்து சாகிறவர்களாக மாற்றின.

அப்பாயிக்கு இந்த மண்ணைப் பற்றி இருந்த அறிவு வேறு மாதிரி. “மேமண்ணு போனா தேயில பல்லக் காட்டிரும்” என்று சொல்லும். வேர் வெளியே தெரிவதைத்தான் பல் என்றது. அது சின்னப்பிள்ளையாக இருந்த காலத்திலும் புல்லே இல்லாமல் மலையைச் சுரண்டி வைப்பதைத்தான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று சில துரைமார் நினைத்தார்களாம். சுரண்டியை வைத்து நிரை நிரையாகச் சுரண்ட வேண்டும். ஒரு புல் மிஞ்சினாலும் கங்காணி கத்துவான். சாயங்காலம் மழை பிடித்தால் சுரண்டிய மண் மொத்தமும் கானில் இறங்கி ஓடும். மறுநாள் ஆண்களுக்குக் கான் வெட்டு. ஓடிவந்த மண்ணைக் கானிலிருந்து வாரி மறுபடி மேலே போட வேண்டும். “காலைல நாங்க எறக்குவோம், மறாநாளு ஒங்க தாத்தா ஏத்துவாரு. ரெண்டுக்கும் பேரு போடுவாங்க” என்று சிரிக்கும். பேர் போடுவது என்றால் நாள் சம்பளம் பதிவது.

அந்தச் சுரண்டலின் கணக்கைப் பின்னாளில் வேறு சிலர் போட்டார்கள். 2003ல் திலக் ஹேவாவசமும் அவரது ஜெர்மானிய, சுவிஸ் சகாக்களும் மேல் மகாவலிப் படுகையின் ஆற்று மணலை எடுத்து ஆராய்ந்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் தரைக்கு அருகிலுள்ள குவார்ட்ஸ் மணிகளில் பெரிலியம்-10 என்ற அணுவை மிகக் கொஞ்சமாக உண்டாக்கும. ஒரு மணல்மணி எவ்வளவு காலம் மேற்பரப்புக்கு அருகே காத்திருந்தது என்பதை அதை எண்ணிச் சொல்லிவிடலாம். மனிதர் கைபடாத நெடுங்கால அரிப்பு ஒரு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 130 முதல் 300 கிலோ என்று வந்தது. விவசாய நிலங்களில் மோசமான இடங்களில் 70 டன் வரை. மண் உருவாவதைவிட 10 முதல் 100 மடங்கு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. தேயிலையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. நன்றாக மூடிய தேயிலை மலை மண்ணைப் பிடித்து வைக்கும். நுவரெலியாவின் உருளைக்கிழங்கு, மரக்கறித் தோட்டங்களும், இடைவெளி விழுந்த பழைய விதைத் தேயிலை மலைகளும்தான் மோசம்.

தப்பு தெரியாமலே எல்லாம் நடந்தது என்றும் சொல்ல முடியாது. 1873ல் க்யூ தாவரவியல் தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேல் காட்டைத் தொடாதீர்கள் என்று இலங்கை அரசுக்குச் சொல்லி, அது ஏற்கப்பட்டது. சிவனொளிபாத மலையைச் சுற்றியும் ஹோர்ட்டன் சமவெளியிலும் காடு மிஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ல் தொடங்கியது. மானாப்புல்லும் குவாத்தமாலாப் புல்லும் நட்டு மண்ணை இரண்டு வருஷம் ஆறவிட்டுப் பிறகு தேயிலை நடுங்கள், கவ்வாத்து வெட்டும்போது டோலமைட் போடுங்கள் என்றெல்லாம் ஆலோசனைகள் வந்தன. கடைசி ஆலோசனை சுவாரஸ்யமானது. கொழுந்துக்காகப் போடும் அமோனியா உரமே மண்ணை மேலும் புளிக்க வைக்கும். புளிப்பை விரும்பும் தேயிலைக்கே ஒரு கட்டத்தில் தாங்காது.

அடியிலிருக்கும் களி அடுக்குக்கு இன்னொரு முகம் உண்டு. தண்ணீர் மேல்மண்ணில் சட்டென்று இறங்கும், களியில் தயங்கும். பெருமழையில் மேலே கனம் கூடும், உள்ளே பிடி தளரும். மலையோரத்தில் மேலிருந்து பல காலம் சரிந்து வந்து குவிந்த தளர்ந்த மண் இருந்தால் இன்னும் ஆபத்து. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் அப்படிப்பட்ட ஒரு சரிவுதான் இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருஷங்களுக்கு முன்பே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. லயத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தது அதில் வசித்தவர்கள் அல்ல. போக வேறு நிலம் அவர்கள் பேரில் இருக்கவும் இல்லை. மலையகத்தில் வீட்டுக்கென்று அதன் பிறகு தரப்பட்ட துண்டு 7 பேர்ச். சதுர மீட்டரில் 177. அரசியல் மேடைகளில் அதைக் காணி உரிமை என்று சொன்னார்கள்.

1964ன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதியது. அந்த எண்ணிக்கையில் ஒன்றாக வந்த அப்பாயிக்கு நீலகிரியில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் அது. பின்னாளில் டான்டீ ஆனது. வந்தவர்களின் கையில் மறுபடியும் மண்வெட்டி. மறுபடியும் காட்டு நிலம். அப்பாயி முதல் நாள் குழி வெட்டியபோது ஒன்று சொன்னதாக எங்கள் வீட்டில் அடிக்கடி பேசுவார்கள்: “இதென்ன, கப்பல்ல ஏத்தி அங்கேயே கொண்டாந்து எறக்கிட்டானுகளா?” அடியில் அதே சார்னோக்கைட், மேலே அதே மாதிரிப் புளித்த சிவப்புக் களி, அதற்கும் மேலே சோலைக்காட்டின் கறுப்புச் சாண். கோண்டுவானா நிலமாக ஒன்றாய் இருந்து பிரிந்த பாறைகள் இவை என்று அதற்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. கையே சொல்லியிருக்கிறது.

2022ல் டான்டீயின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. நஷ்டம், ஆள் பற்றாக்குறை என்று காரணங்கள். காட்டுக்கு அது நல்ல செய்தி. மண்ணுக்கும்தான். சருகுப்பாய் சில வருஷங்களில் திரும்பும். கறுப்புச் சாண் திரும்பப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதன் கீழே பாறை தன் பழைய வேகத்தில், ஆயிரம் வருஷத்துக்கு ஒரு விரல்கனத்துக்கும் குறைவாக, மக்கிக்கொண்டிருக்கும். எங்கள் லயத்திலிருந்து மேலே போகும் மலையைச் சில வருஷமாகவே கவ்வாத்து வெட்டாமல் விட்டுவிட்டார்கள். இடுப்பளவில் நின்ற தேயிலை இப்போது இரண்டு ஆள் உயரத்தில் மரமாக நிற்கிறது, வெள்ளையாகப் பூக்கிறது. அதன் அடியில் சருகு நாலு விரல் கனத்துக்குக் கிடக்கிறது. கையை விட்டால் ஈரமாக இருக்கிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தாள் வருமா என்று லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறார்கள்.